ஆசாரியனுக்குரிய பங்கு

தியானப் பகுதிகள்: உபாகமம் 18:1–5, லேவியராகமம் 1:1–13, எபிரெயர் 13:10–14



இந்த வாரத் தியானத்தின் பொருள் உங்களில் சிலருக்குச் சிரிப்பையும் சிலருக்கு முகச்சுளிப்பையும் தரலாம். ஆட்டுக் குடலைப் பற்றியே எழுதப்போகிறேன். அதை எப்படித் தெரிந்தெடுப்பது, எப்படிக் கழுவுவது, எப்படிச் சமைப்பது, யார் உண்பது என்பவற்றையெல்லாம் சொல்லப்போகிறேன். பரிசுத்த வேதாகமத்தில் இதற்கு இடமில்லை என்று எண்ணிவிடாதிருங்கள். நாம் விரைவாகப் புரட்டிச் செல்லும் பக்கங்களில்தான் அது இருக்கிறது.

கறிக்கடையின் ஓரத்தில்

பண்ணைப்புரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே அமைந்த ஊர். வாரத்தில் ஆறு நாட்கள், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டு இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து செல்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் வீட்டு அடுப்பில் கறி வேகும் நாள்.

கறிக்கடையைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள். தொடைக்கறி கேட்பவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். நெஞ்செலும்பும் ஈரலும் கேட்பவர்கள் அடுத்து வருவார்கள். தூக்குவாளியோ பாத்திரமோ ஏந்திக்கொண்டு ஓரமாய்க் காத்திருப்பவர்கள் குடலுக்காக வந்தவர்கள். குடலைப் பெரும்பாலும் எடையிட்டு விற்பதில்லை. ஓர் ஆட்டுக் குடல் என்று மொத்தமாகவே கொடுப்பார்கள். கறி வாங்க முடியாத குடும்பத்துக்கு, அந்த விலையில் பிள்ளைகள் வயிறார உண்ணக் கிடைக்கும் மாமிசம் அதுவே.

ஆனால் இதே குடல் மதுரையின் அசைவ உணவகங்களில் பெயர்பெற்ற பண்டமாக இருக்கிறது. காரில் வந்து இறங்குகிறவர்களும் குடல் குழம்பைக் கேட்டு வாங்கி உண்கிறார்கள். அங்கே அது இழிவாகத் தோன்றுவதில்லை. ஏன்? அதை வேறொருவர் கழுவிவிட்டார். அப்படியானால் இழிவு குடலில் இல்லை, அன்பானவர்களே; அதைக் கழுவும் கையின்மேல் நாம் ஏற்றிவைத்திருக்கிறோம்.

நான்கு அறைகள்

அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் தேவன் நான்கு அறைகளை அமைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு சுவை.

முதலாவது பெரிய பை. மேய்ந்த தழை முதலில் வந்து சேரும் இடம் இது. இதன் உட்புறம் துவாலையைப் போலச் சொரசொரப்பாய் இருக்கும். கடையில் பலரும் இதைத் ‘துவாலை’ என்றே சொல்வார்கள். சதைப்பற்று மிகுந்தது, வேகவும் நேரம் எடுக்கும். இரண்டாவது அறை சிறியது. உள்ளே தேனடையைப் போன்ற கண்ணறைகள் வரிசையாய் அமைந்திருக்கும். குழம்பின் சாறு அந்தக் கண்களில் தங்குவதால், அறிந்தவர்கள் இந்தத் துண்டைத்தான் தேடி எடுப்பார்கள்.

மூன்றாவது அறையைக் கண்டால் வியப்பு உண்டாகும். உள்ளே மெல்லிய மடிப்புகள் ஏடுகளைப் போல அடுக்கடுக்காய் இருக்கும். மெக்சிகோ மக்கள் இதைப் ‘புத்தகம்’ என்கிறார்கள். ஆங்கிலத்திலோ இதற்கு ‘வேதாகமம்’ என்றே ஒரு பெயர் உண்டு. மேலோட்டமாய் அலசினால் இது சுத்தமாகாது. ஒவ்வொரு ஏடாய் விரித்துக் கழுவவேண்டும்; அழுக்கு ஏடுகளுக்கு இடையில்தான் தங்கியிருக்கும். நான்காவது அறை வழவழப்பானது. உண்மையில் செரிமானம் நடக்கும் வயிறு இதுவே. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மாட்டின் இந்த நான்காவது வயிற்றை வேகவைத்து, ரொட்டிக்குள் வைத்துத் தெருவோரக் கடைகளில் விற்கிறார்கள். இந்த நான்காவது அறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

இவற்றுக்கு அப்பால் நீண்டு செல்வது சிறுகுடல். அது மென்மையானது, விரைவில் வெந்துவிடும்.

வாங்கும்போது அன்று அறுத்த ஆட்டின் குடலா என்று கேளுங்கள். இளம் ஆட்டின் குடல் மெல்லியதாய் இருக்கும். கழுவாத குடல் சற்றுப் பச்சையும் சாம்பலுமாய் இருப்பது இயற்கை. அதைக் கண்டு அஞ்சவேண்டாம். தொட்டால் பிசுபிசுக்கிறதா, புளித்த வாடை வீசுகிறதா என்பதையே பார்க்கவேண்டும். துணிபோல் வெளுத்திருக்கும் குடல் கண்ணுக்கு நன்றாய்த் தோன்றலாம். ஆனால் எதனால் வெளுத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. வெண்மை எப்போதும் தூய்மையல்ல. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை நீங்கள் அறிவீர்கள்.

கழுவும் கை

குடல் சமைப்பதில் முக்கால் பங்கு வேலை கழுவுதலே. முதலில் பையைக் கீறி உள்ளிருப்பதை நீக்கவேண்டும். ஓடும் தண்ணீரில் பலமுறை அலசவேண்டும். பிறகு கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துக் கத்தியால் சுரண்டினால் மேல்தோல் உரிந்துவரும். சில வீடுகளில் சுண்ணாம்பு தடவி வைத்திருந்து சுரண்டுவார்கள். சிறுகுடலை மெல்லிய குச்சியால் உட்புறம் வெளியே வருமாறு புரட்டிக் கழுவுவார்கள். அதன்பின் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளிவாய் வரும்வரை மீண்டும் அலசுவார்கள். பொறுமையற்றவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

சமைக்கும் முறை எளிது. மஞ்சளும் உப்பும் இட்டு ஒரு கொதி வரவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். தடித்த முதல் பையைச் சிறு துண்டுகளாய் நறுக்கி முன்னதாக வேகவைத்து, சிறுகுடலைப் பின்னர் சேர்த்தால் இரண்டும் பதமாய் வரும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி வதக்கி, மிளகும் சீரகமும் சோம்பும் மல்லியும் வற்றலும் அரைத்துச் சேர்த்து, இறுதியில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். மண்சட்டியில் சிறுதீயில் வெந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். குக்கரில் ஏழெட்டு விசில் வேண்டும். சிலர் கடலைப்பருப்பும் சேர்ப்பார்கள்; குடல் குறைவாயும் பிள்ளைகள் அதிகமாயும் இருக்கும் வீட்டில் பருப்பு அந்தக் குறையை நிரப்பிவிடும்.

கடல்களுக்கு அப்பால் மெக்சிகோவிலும் இப்படியே ஒரு வழக்கம் உண்டு. மாட்டின் வயிற்றுப் பைகளைப் பல மணி நேரம் வேகவைத்து, சிவந்த மிளகாய் அரைத்து ஊற்றி, மக்காச்சோள மணிகளைச் சேர்த்து ‘மெனுடோ’ என்னும் சூப் செய்கிறார்கள். சொனோரா பகுதியில் மிளகாய்ச் சிவப்பு இல்லாமல் வெண்மையாகவே செய்வார்கள். அவர்களும் தேனடையா, புத்தகமா, துவாலையா என்று பிரித்தறிந்தே வாங்குகிறார்கள். நம் வீடுகளில் குடலைச் சுரண்டப் பயன்படும் சுண்ணாம்பு, அங்கே சோளத்தின் தோலை நீக்கப் பயன்படுகிறது. உண்பதும் பெரும்பாலும் சனி ஞாயிறு காலைகளிலேதான். ஒருவரையொருவர் காணாத இரண்டு ஜனங்கள், எறிந்துவிடத் தகுந்தது என்று பிறர் நினைத்ததைக் கழுவி, பொறுமையாய் வேகவைத்து, விருந்தாக்கியிருக்கிறார்கள்.

மூடிவைத்த சட்டி

சபையாரின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும் போதகர்கள் அறிந்த ஒரு காட்சி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகலில், ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். வாசலிலேயே குடல் குழம்பின் மணம் வந்தது. என்னைக் கண்டதும் அந்த அம்மா அடுப்பின்மேல் இருந்த சட்டியை எடுத்துக் கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மகனைக் கடைக்கு அனுப்பிக் கலரும் பிஸ்கட்டும் வாங்கிவரச் செய்தார்கள். “சாப்பாட்டு நேரந்தானே, அம்மா, இருக்கிறதைக் கொடுங்கள்” என்றேன். “ஐயா, இது எங்களுக்கு ஆகும். உங்களுக்கு இதைப் போய் எப்பிடிங்கய்யா குடுக்குறது?” என்றார்கள்.

அந்தக் கேள்விக்கு வேதாகமத்தில் ஒரு நேரான பதில் இருக்கிறது. உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். ஜனங்கள் மாட்டையோ ஆட்டையோ பலியிடும்போது, அதிலிருந்து ஆசாரியனுக்குச் சேரவேண்டிய மூன்று பங்குகள் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று முன்னந்தொடை, மற்றொன்று தாடைகள், மூன்றாவது இரைப்பை. எபிரெய மூலத்தில் அந்த மூன்றாவது பங்குக்கு உள்ள சொல், அசைபோடும் பிராணியின் நான்காவது வயிற்றைக் குறிப்பது. ஆம், வழவழப்பான அந்த நான்காவது அறையேதான். ஆசாரியனுக்குக் கொடுக்கத் தகாதது என்று அந்தத் தாய் மறைத்துவைத்த சட்டியில், வேதம் ஆசாரியனுக்கென்றே ஒதுக்கிய பங்கு வெந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர்கள் முதலில் நம்பவில்லை. வசனத்தை வாசித்துக் காட்டிய பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். பின்பு சட்டியை எடுத்துவந்து வைத்தார்கள். மூவரும் ஒன்றாய் அமர்ந்து உண்டோம்.

இதற்கு எதிரான ஒரு காட்சியும் வேதத்தில் உண்டு. 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில், ஏலியின் குமாரரான ஓப்னியும் பினெகாசும் தங்களுக்கென்று குறிக்கப்பட்ட பங்கில் திருப்தியடையவில்லை. வேகும் பானையில் முள்துறட்டை விட்டு எடுத்தார்கள். கொழுப்பைத் தகனிக்கும் முன்னே பச்சை மாமிசத்தைக் கேட்டு வாங்கினார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாய் எடுப்போம் என்றார்கள். ஊழியக்காரன் தன் தட்டில் எது விழவேண்டும் என்று பார்க்கத் தொடங்கும்போது ஆசாரியத்துவம் விழத் தொடங்குகிறது. இது என்னைப்போன்றவர்கள் முதலில் கேட்கவேண்டிய எச்சரிப்பு.

பலிபீடத்தில் குடலுக்கு இடம்

லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தில் சர்வாங்க தகனபலியின் ஒழுங்கு விவரிக்கப்படுகிறது. தலையும் கொழுப்பும் பலிபீடத்தின்மேல் வைக்கப்படும். குடல்களும் தொடைகளும் முதலில் தண்ணீரால் கழுவப்படவேண்டும். பிறகு அவையும் மற்றவற்றோடு முழுவதுமாய்த் தகனிக்கப்படவேண்டும். மாட்டுக்கும் இதே ஒழுங்கு. ஆட்டுக்கும் இதே ஒழுங்கு. குடல் அசுத்தமாயிற்றே, அதை எறிந்துவிடு என்று கர்த்தர் சொல்லவில்லை. கழுவிக் கொண்டுவா என்றார். கழுவுகிறவன் யார் என்பதையும் கவனியுங்கள். வசனத்தின் போக்கில், தகனிப்பது ஆசாரியனின் வேலை. கழுவுவதோ பலி கொண்டுவந்தவனின் வேலை. அதற்கென்று தாழ்ந்த ஒரு கூட்டத்தாரைக் கர்த்தர் அங்கே நியமிக்கவில்லை.

பஸ்கா இரவிலும் அப்படியே. யாத்திராகமம் 12:9-இன்படி ஆட்டுக்குட்டியைத் தலையோடும் தொடைகளோடும் உள்ளிருப்பவற்றோடும் முழுமையாய்ச் சுட்டு உண்ணவேண்டும். விடுதலையின் முதல் விருந்தில் நல்ல துண்டு ஒருவனுக்கும் கழிவு மற்றொருவனுக்கும் என்ற பங்கீடு இல்லை. அடிமைத்தனத்திலிருந்து புறப்பட இருந்த ஒரு ஜனம், முழு ஆட்டுக்குட்டியையும் ஒரே வீட்டில் ஒன்றாய் உண்டது.

இன்னும் ஆழமான ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டில் நம் ஆண்டவர் ‘மனதுருகினார்’ என்று வாசிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல், ‘ஸ்பிளாங்னா’ என்னும் பெயர்ச்சொல்லோடு வேர் கொண்டது. அதன் நேர்ப்பொருள் உள்ளுறுப்புகள், குடல்கள். மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போன்ற ஜனங்களைக் கண்டபோது அவருக்குள் அசைந்தது அதுவே. நாயீன் ஊர் விதவையைக் கண்டபோதும் அதுவே. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியனுக்கும், தூரத்தில் வரும் இளைய குமாரனைக் கண்ட தகப்பனுக்கும் அதே சொல்லைத்தான் லூக்கா எழுதுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில் யூதாசின் குடல் சரிந்ததைச் சொல்லும்போதும் இதே பெயர்ச்சொல் வருகிறது. ஆகவே இது வெறும் அலங்காரச் சொல் அல்ல. உடலின் உள்ளே கிடக்கும் அந்தக் குடலையே குறிக்கும் சொல்.

தமிழருக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை. பிள்ளையை இழந்த தாய் “பெத்த வயிறு பத்தி எரியுதே” என்று கதறுகிறாள். இரக்கம் வயிற்றில்தான் பிறக்கிறது என்பதை நம் தாய்மார்கள் எப்போதும் அறிந்திருக்கிறார்கள். நாம் எதை மறைத்துவைக்கிறோமோ, அதன் பெயரால்தான் பரிசுத்த ஆவியானவர் தேவனுடைய இரக்கத்தைச் சொல்லத் தெரிந்தெடுத்தார்.

பாளயத்துக்குப் புறம்பே

பாவநிவாரணபலியின் ஒழுங்கு சற்று வேறுபட்டது. லேவியராகமம் நான்காம் அதிகாரத்தில், ஆசாரியனின் பாவத்துக்காகச் செலுத்தப்படும் காளையின் கொழுப்பு பலிபீடத்தில் தகனிக்கப்படும். தோலும் மாமிசமும் தலையும் குடலும் சாணியும் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோகப்பட்டுச் சுட்டெரிக்கப்படும். எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆசிரியர் இதை நினைவுகூர்ந்து, இயேசுவும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்கிறார். ஆகையால் அவருடைய நிந்தையைச் சுமந்துகொண்டு நாமும் புறம்பே அவரிடம் போகக்கடவோம் என்று அழைக்கிறார். குடலும் சாணியும் கொண்டுபோகப்பட்ட இடத்தில்தான் நம் இரட்சகர் நின்றார்.

நம் ஊர்களில் ‘புறம்பே’ என்பது வெறும் உவமை அல்ல. ஊர் ஓரிடத்திலும் காலனி மற்றோரிடத்திலும் இருப்பதை நாம் தினமும் காண்கிறோம். திருச்சபைக்குள்ளும் அந்தக் கோடு நுழைய முயன்றது. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1847-இல் சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்தில் பங்கில்லை என்று உறுதியாய் நின்றது. அந்த உறுதிக்கு வைக்கப்பட்ட சோதனை எதுவென்று நினைக்கிறீர்கள்? விசுவாசப்பிரமாணத்தை ஒப்புவிப்பது அல்ல. பிற சாதியாரோடு ஒன்றாய் அமர்ந்து உண்பது. உபதேசிமார் சிலர்கூட அந்தப் பந்தியில் அமர மறுத்து விலகினார்கள். அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோதும் பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று விட்டுவிடவில்லை; சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே கோணலாயிற்று என்று கண்டு முகமுகமாய் எதிர்த்தார்.

இன்று யாரும் வெளிப்படையாய்ப் பந்தியைவிட்டு எழுவதில்லை. ஆனால் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு ஆடு அறுக்கப்படும்போது நடப்பதைக் கவனியுங்கள். கறி பந்திக்கு வருகிறது. குடல், பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் கொடுத்தனுப்பப்படுகிறது. கொடுக்கிறவர்கள் அதைத் தயவு என்றே எண்ணுகிறார்கள். வாங்குகிறவர்களோ ஆலயத்திலும் தங்கள் பங்கு எது என்பதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், ஒரே ஆட்டில் இரண்டு பங்கு பிரிக்கலாமா?

ஆகையால் உங்களுக்கு ஓர் எளிய ஆலோசனை. அடுத்த விருந்தில் குடலும் பொதுச் சட்டியில் வேகட்டும். எல்லா இலைகளிலும் விழட்டும். அதைக் கழுவும் பொறுப்பைச் சபை மூப்பரும் வாலிபரும் ஏற்கட்டும். ஏடு ஏடாய் விரித்து, விரல்களில் அந்த வாடை ஏறும்வரை கழுவிப் பாருங்கள். அந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்துவருகிற தாய்மாரை அதன்பின் ஒருபோதும் ஏளனமாய்ப் பார்க்கமாட்டீர்கள். சீஷரின் கால்களைக் கழுவியவருக்கு ஊழியம் செய்வது எப்படி என்பதும் அப்போது சற்றுப் புரியும்.

நகரத்தில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுச் சட்டியில் வெந்ததைச் சொல்ல வெட்கப்படாதிருங்கள். அது ஆசாரியனுக்குரிய பங்கு.

ஜெபம்: எங்கள் பரலோகத் தகப்பனே, நாங்கள் ஒதுக்கிவைத்ததை நீர் உமது பலிபீடத்தண்டையில் ஏற்றுக்கொண்டதற்காக ஸ்தோத்திரம். வாசலுக்குப் புறம்பே நின்ற எங்கள் ஆண்டவரிடம் புறப்பட்டுவர எங்களுக்குத் துணிவைத் தாரும். எங்கள் பந்திகளிலுள்ள பிரிவினையை நீக்கியருளும். கழுவுகிற கைகளை ஆசீர்வதியும்; கழுவ மறுக்கிற கைகளை மாற்றும். உம்முடைய உள்ளத்தின் உருக்கத்தை எங்களுக்குள்ளும் உண்டாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.